பக்கத்து வூட்டு டப்பா

இதை எழுத வேண்டும் என்று முதலில் தோன்றியது ஒரு பிரதோஷத்தன்று. அதற்குப் பிறகு எத்தனை பிரதோஷம் வந்து போயிற்று என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கோயிலிலிருந்து வந்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ரெண்டு வரி எழுதுவேன். கடைக்கு யாராவது வருவார்கள். எழுந்து போய்விடுவேன். ஆள் வந்தது சாக்குதான். உண்மையில் கை வரவில்லை. தன் பொறாமையைத் தானே எழுதுவதென்றால், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருக்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கூச்சம் போகவில்லை. சரி, கூச்சத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். விற்கிற கடை இல்லை, வாடகைக்கு விடுகிற கடை. காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம், கருமாதி எதுவானாலும் அண்டா, குண்டான், கரண்டி, தட்டு, டம்ளர், நாற்காலி எல்லாம் என்னிடமிருந்து போகும். சுற்று வட்டாரத்தில் என் கடை முத்திரை அடித்த தட்டில் சாப்பிடாதவர்கள் குறைவு. எல்லாம் எங்கள் ஊர்ச் சாமி மூலநாதர் கொடுத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் அவரைக் கும்பிடாமல் நான் ஷட்டரைத் தூக்கினதில்லை.

இந்தத் தொழிலில் முக்கியமான வேலை ஒன்றுதான். போகும்போது எண்ணி அனுப்பணும், வரும்போது எண்ணி வாங்கணும். நூறு தட்டு போனால் தொண்ணூற்றைந்து வரும், தொண்ணூற்றாறு வரும். அந்த நாலைந்து தட்டு எங்கே போகிறது? அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஜனங்கள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுக்கிற வீடு என்று சில வீடுகளுக்கு மனதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அவர்கள் வந்து கேட்டால், அன்றைக்குச் சாமான் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா இருக்கிறார்கள். மகளுக்கு வளைகாப்பு செய்தார்கள். ஆறு தட்டு குறைந்தது. நான் அவர்கள் வாசலில் போய் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "தட்டு திருடித்தான் பொண்ணுக்கு வளையல் போடணுமா?" என்று கேட்டேன். ஒரு வாரம் பத்து நாளில் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கடை வாசலுக்கு வந்துவிட்டன. கத்தினதால்தான் வந்தது என்று என் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

ஒரு காலேஜ் வாத்தியார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் அனுப்பினேன். அவர் பிள்ளைகளுக்குத் தொழில் தொடங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறவர். நான் ஒரு பக்கம் கல்யாணம், மறு பக்கம் கருமாதி என்று ஒரே நாளில் சாமான் மாற்றி அனுப்புவதைப் பார்த்துவிட்டு, "எங்க பசங்களுக்கு மார்க் போட நீங்க வரணும், படிச்சவங்க நெறைய பேரு இருக்காங்க, தொழில் செஞ்சவங்கதான் இல்ல" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தாவதில் கணக்கில் தேறாமல் ரெண்டாம் தடவை எழுதினவன், காலேஜில் மார்க் போடப் போகிறேன்!

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நாலு நாலு பேராகச் சேர்ந்து பிள்ளைகள் குழுவுக்கு ஒரு ஸ்டார்ட்அப், அதாவது புதுத் தொழில், யோசிப்பார்கள். யாருக்கு விற்கப் போகிறோம், அவர்களுக்கு அது எதற்கு, எப்படிப் போய்ச் சேரும், எதில் காசு நிற்கும், இதையெல்லாம் ஒரே தாளில் எழுதினால் அதற்குப் பேர் பிசினஸ் மாடல். எழுதினால் மட்டும் போதாது. ஒரு பருவம் முழுக்க அதைச் சின்ன அளவில் செய்து பார்க்கணும். ஜனங்களிடம் போகணும், தப்பானால் மாற்றணும், மாற்றினதை மறுபடி செய்து பார்க்கணும். கடைசி நாள் வந்து எங்கள் மூன்று பேரிடம் சொல்லணும். மூன்று பேர் என்றால் வாத்தியார், வங்கியில் கடன் பிரிவில் இருக்கிற ஒரு மேடம், நான்.

மார்க் தாளில் ஐந்து கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து. நாலாவது கட்டம், சோதித்துப் பார்த்து எதை மாற்றினார்கள் என்பது. வாத்தியார் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சோதனை தோத்துப் போயிருந்தா மார்க் குறைக்காதீங்க. தோத்ததுல இருந்து இன்னா கண்டுபிடிச்சாங்கன்னு பாருங்க. அதுக்குத்தான் மார்க்கு." புரிந்ததா என்று கேட்டார். நன்றாகப் புரிந்தது என்றேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதலில் வருகிற குழுவுக்குப் பரிசு ஒரு அறை. காலேஜிலேயே, தண்ணீர்க் குழாயோடு, ஒரு வருஷத்துக்கு. அதில் வைத்துத் தொழிலை நடத்திக்கொள்ளலாம்.

அன்றைக்குத் திருநீறு இட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். பொன்னாடை போட்டார்கள். காலையில் எல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிற ஒரு பையன் தன் குழுவோடு மீன் கழிவைக் காயவைத்து நாய்த் தீனி செய்திருந்தான். பாக்கெட்டைப் பிரித்ததும் வங்கி மேடம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள். "நாய்க்குப் புடிக்குதாடா?" என்று கேட்டேன். "நாய்க்குப் புடிக்குது சார், நாய் வளக்கறவங்களுக்குத்தான் புடிக்கல" என்றான். சிரித்துவிட்டு எட்டு போட்டேன். நடவு மெஷினை போனிலேயே புக் பண்ணுகிற மாதிரி ஒரு ஆப் செய்து நாலு பையன்கள் வந்தார்கள். படம் படமாகக் காட்டினார்கள். எத்தனை விவசாயியைப் பார்த்தீர்கள் என்று மேடம் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் கேட்டோம் என்றார்கள். யாரைக் கேட்டார்களோ. ஆனாலும் எனக்கு அவர்கள் மேல் ஒன்றும் இல்லை. அது என் தொழில் இல்லை பாருங்கள். தாராளமாகப் போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மட்டும் பேசினாள். ஒல்லியான பெண், பாகூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மேஜை மேல் நாலு எவர்சில்வர் தட்டை வைத்தாள். தட்டைப் பார்த்ததுமே எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவள் சொன்னது இதுதான். வீட்டில் சின்னதாகப் பிறந்தநாள், முப்பதாம் நாள், பத்து இருபது பேர் சாப்பாடு என்றால் ஜனங்கள் பிளாஸ்டிக் தட்டு வாங்குகிறார்கள், சாப்பிட்டு ஏரிக்கரையில் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டிருக்கிறாள். வாடகைக் கடைக்காரர்கள் நூறு தட்டுக்குக் குறைந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். மரியாதைக்காகத்தான். ஆனால் வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மைதான், இருபது தட்டு கேட்டு வருகிறவர்களை நான் நாளைக்கு வா என்று அனுப்பியிருக்கிறேன்.

அதனால் இவர்கள் நாற்பது தட்டு வாங்கி, கழுவாமலேயே திருப்பிக் கொடுக்கலாம், நாங்களே கழுவிக்கொள்கிறோம் என்று சொல்லி வாடகைக்கு விட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதல் வீட்டில் நாற்பது போய் முப்பத்தொன்று வந்தது. அடுத்த வீட்டுக்கு முன்பணம் அதிகம் கேட்டார்கள். அங்கேயும் ஏழு குறைந்தது, கூடவே முன்பணத்தைக் கேட்டு ரெண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. சாய்ந்து உட்கார்ந்தேன். "எல்லாம் சரிம்மா. போன பொருளு திரும்பி வரலியே, அதுக்கு இன்னா சொல்ற?" என்றேன். இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் நானே அல்லவா கண்டுபிடித்திருப்பேன்.

"அதத்தான் சார் சொல்ல வந்தேன்," என்றாள்.

தட்டு வாங்கினவர்களிடமே போய் அவள் மறுபடி கேட்கவில்லை. அவர்கள் தெருவில் பக்கத்து வீடுகளுக்குப் போயிருக்கிறாள். போன இடத்திலெல்லாம் அவள் தட்டு கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தது. ஒளித்து வைக்கவில்லை, கண்ணுக்கு நேராகவே இருந்தது. விசேஷ வீட்டுக்காரர்கள் மீந்ததைப் பக்கத்து வீட்டுக்கு அந்தத் தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வீட்டம்மா என்ன சொன்னார்கள் என்பதை அந்தப் பெண் அப்படியே அவர்கள் மாதிரியே பேசிக் காட்டினாள்.

"குடுக்க மாட்டன்னா சொன்னேன்? கேசரி வெச்சி வந்த ஏனம்டி அது. வெறும் ஏனமாவா திருப்பிக் குடுக்கறது? வெள்ளிக்கெழமை சக்கரப் பொங்கல் வெப்பேன். அதுல வெச்சித் தரேன், வந்து வாங்கிக்கினு போ."

வாத்தியார் சத்தமாகச் சிரித்தார். வங்கி மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆமாம், எங்கள் வீட்டில்கூட அப்படித்தான் என்றார்கள். நான் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் மாற்றினது சின்ன விஷயம். தட்டோடு கூட, மீந்ததை வைத்து அனுப்ப, மூடி போட்ட பத்துச் சின்ன டப்பா சும்மா கொடுத்தாள். பேர், பக்கத்து வூட்டு டப்பா. தட்டு மறுநாளே வந்துவிடணும். டப்பா ஒரு வாரம் கழித்து வந்தால் போதும். மூடியில் போன் நம்பர் எழுதியிருந்தது. அடுத்த மூன்று வீட்டிலும் தட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. டப்பாவில் சோறு போன வீட்டுக்காரர்கள் ரெண்டு பேர், எங்களுக்கும் வேணும் என்று போன் பண்ணினார்கள். அவ்வளவுதான் சார் என்று முடித்துக்கொண்டாள்.

நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். வளைகாப்பு வீட்டு அம்மாவை நினைத்தேன். ஆறு தட்டும் ஒவ்வொன்றாக வந்ததை நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்து நிறைத்துக் கொடுத்ததைத்தான் அந்த அம்மா கழுவிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை நினைத்து எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கமில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், இவள் போய்க் கேட்டாள். ஒரு பருவத்தில். கையில் காய்ப்புகூட இல்லை. அவள் பின்னிய சடை, அவள் முழுக்கை சுடிதார், பக்கத்தில் நின்ற மூன்று பெண்கள் அவளைப் பெருமையாகப் பார்த்தது, எல்லாமே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கடவுளே, இதை நீ எனக்கல்லவா காட்டியிருக்கணும், தினம் உன் வாசலுக்கு வருகிறவன் நானா இவளா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாமியிடம் சண்டை போட்டேன்.

பேனாவை எடுத்தேன். மற்ற கட்டங்களில் ஐந்து, ஆறு என்று போட்டேன். நாலாவது கட்டத்தில் நாலு போட்டேன். குறிப்பு எழுத இடம் இருந்தது. 'பொருள் ஒழுங்காகத் திரும்பவில்லை. நடைமுறைக்கு ஒத்து வராது' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கு இன்னும் நன்றாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் வாத்தியார் எங்கள் மூன்று பேரையும் தனி அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். மேடம் அந்தப் பெண்ணுக்கு எல்லாக் கட்டத்திலும் ஒன்பதும் பத்துமாகப் போட்டிருந்தார்கள். வாத்தியார் என் தாளில் நாலாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அப்புறம், நீங்கள்தான் இந்தத் தொழிலில் இருக்கிறவர், உங்களுக்கு ஏதோ தெரிந்துதான் போட்டிருப்பீர்கள், சொல்லுங்கள் என்றார்.

"பேப்பர்ல நல்லா இருக்கும் சார்," என்றேன். "நம்ம ஜனங்ககிட்ட நடக்காது. டப்பாவும் சேந்து போய்டும்."

நான் சொன்னதைக் கேட்டு மேடம் தன் தாளை இழுத்து, ரெண்டு கட்டத்தில் அடித்துக் குறைத்தார்கள். அனுபவஸ்தர் சொல்கிறார், நமக்கு என்ன தெரியும் என்றார்கள். எனக்கு அந்த டீ அன்றைக்கு ரொம்ப ருசியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நடவு மெஷின் பையன்கள் முதலில் வந்தார்கள். தட்டுப் பெண்கள் இரண்டாவது. ரெண்டு மார்க்தான் வித்தியாசம். அறைச் சாவியை என் கையால் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அந்தப் பெண் எல்லோரையும்விட நீளமாகக் கை தட்டினாள். எல்லாம் முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"சார், எங்க தப்பு இன்னான்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவோம். எங்க வூட்டுல ஒரே ரூம்புதான் சார். தட்டு வைக்க எடம் இல்ல. அந்த ரூம்ப நம்பித்தான் இருந்தோம். வேற எடம் பாத்து செய்யலாம்னாலும் தப்பு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

என்னிடம் சொல்ல ஒரு தப்பும் இல்லை. "அனுபவம் வேணும்மா," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்குப் பொன்னாடையோடு போனேன். என் பெண்டாட்டி பார்த்துவிட்டு, "வாங்க ஜட்ஜய்யா, பின்னால ரெண்டு அண்டா கழுவாம கெடக்குது, அதுக்கும் ஒரு தீர்ப்பு சொல்லுங்க" என்றாள். சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். ஒரு பெண் என்னவோ உளறினாள், தட்டு பக்கத்து வீட்டில் இருக்கிறதாம், நிறைத்துத்தான் கொடுப்பார்களாம் என்று நக்கலாகச் சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே,

"இதுல உளற இன்னா இருக்குது? அதோ பாரு," என்று அலமாரியைக் காட்டினாள். "பக்கத்து வூட்டு அக்கா பொரியல் குடுத்த கிண்ணி. நாலு நாளாச்சி. குடுக்க ஒண்ணும் செய்யலன்னுதான் வெச்சிக்கினு இருக்கேன்."

அந்தக் கிண்ணி என் கண்ணுக்கு நேராக, கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அந்த வீட்டில் நான் தினம் மூன்று வேளை சாப்பிடுகிறேன்.

அந்தப் பெண்கள் வேறு இடம் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று பிறகு வாத்தியாரே ஒரு நாள் சொன்னார். தட்டுகளை ஊர் அம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பேசின பெண் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாளாம். சாவி வாங்கின பையன்கள் அந்த அறையைக் கொஞ்ச நாள்தான் திறந்தார்களாம். ஐயோ பாவம் என்றேன். சொல்லும்போது உள்ளே ஒரு நிம்மதி ஓடினது எனக்குத் தெரியும்.

அந்த நிம்மதி போதாதென்று, கொஞ்ச மாதம் கழித்து நான் மூடி போட்ட டப்பா வாங்கினேன். தட்டு எடுக்கிற எல்லோருக்கும் கூடவே பத்துப் பத்தாகக் கொடுத்தேன். பேர்கூட மாற்றவில்லை. கடைப் பலகையிலேயே 'பக்கத்து வூட்டு டப்பா இலவசம்' என்று எழுதினேன். இருபது தட்டுக்கும் ஆள் வரலாம் என்றேன். தட்டு குறைவது நின்றது. ஜனங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனுஷன் மனசு தெரிந்து செய்கிறாய் என்றார்கள். எல்லாம் அவன் காட்டின வழி என்று மேலே கையைக் காட்டுவேன். அந்தக் கையை வெட்டியிருக்கலாம்.

கோயில் அன்னதானத்துக்கு நான் பாத்திரம் சும்மா அனுப்புவது வழக்கம். ஒரு பிரதோஷத்தன்று கமிட்டிக்காரர் மைக்கில் என்னைப் பற்றிப் பேசினார். காலேஜ் பிள்ளைகளுக்கே பாடம் எடுத்தவர், ஒரு ஏழைப் பெண்ணுக்கு இந்த டப்பா யோசனையைச் சொல்லிக்கொடுத்து, பரிசு வாங்க வைத்தவர் என்றார். அது எப்படி அப்படி ஆனது என்று எனக்கே தெரியாது. யாரோ ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகும்போது நல்லதாக மாறிவிட்டது. நான் எழுந்து மைக்கை வாங்கி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கை கூப்பி நின்றேன். கொஞ்ச நேரத்தில் தீபாராதனை காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே கண்ணைத் தூக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் முதல் ரெண்டு வரி எழுதினது.

போன ஆவணியில் அரியாங்குப்பத்தில் ஒரு புது வீட்டுக்குச் சாமான் போயிற்று. கணக்குச் சரி பார்க்க நானே போனேன். காலைப் பந்தி முடிந்து, பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க டப்பாவில் கேசரி நிறைத்துக்கொண்டிருந்தார்கள். நிறைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அந்தப் பெண். அந்த வீட்டுக்காரருக்கு அவள் ஏதோ முறையில் சொந்தம். கழுத்தில் தாலி இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூடியை மூடித் திறந்து பார்த்தாள். என் கடைப் பேரைப் படித்தாள். அப்புறம் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். அவளைப் பார்க்கிற வேகத்தில் நான் தூணை விட்டு முன்னால் வந்துவிட்டேன் போல.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் டப்பாவோடு என்னிடம் வந்தாள்.

"ணா, மூடி லூசா இருக்குது. கேசரிக்குப் பரவால்ல. ரசம், சாம்பார்னா கொட்டிடும். நாங்களும் மொதல்ல இதத்தான் வாங்கினோம். கிளிப் வெச்சது வருது, அது வாங்குங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. குத்திக் காட்டவில்லை, நடிக்கவும் இல்லை. டப்பா நன்றாக இருக்கணும் என்று மட்டும் அவளுக்கு இருந்தது. அது யார் கடை டப்பா என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை வருஷம் கோயில் கோயிலாகப் போயும் எனக்கு வராதது அவளிடம் சும்மா இருந்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் அதுதான் முதலில் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

"அன்னிக்கி நான் போட்ட மார்க்கு தப்புமா," என்றேன்.

"தெரியும்ணா. காலேஜ் சார் பேப்பரக் காட்டுனாரு. நாலாவது கட்டத்துல நாலு." அவள் டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "நான் ரொம்ப நாளு யோசிச்சேன், எங்க தப்புன்னு. எங்கயும் புடிபடல." அப்புறம் கேட்டாள். "அன்னிக்கி உங்க மனசுல நெசமா இன்னா மார்க்கு வந்துச்சி?"

"பத்து," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண் கொஞ்சம் கலங்கினது மாதிரி இருந்தது, இல்லை கேசரி ஆவியோ. "செரி," என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய் மறுபடி நிறைக்க உட்கார்ந்தாள்.

என் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது, குழாய் இருக்கிறது, நீ வந்து நடத்து என்று அந்தப் புது வீட்டுக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். கம்பெனி வேலை இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, இப்போது முடியாது என்று பதில் வந்தது. நான் அவளுக்குக் கொடுக்காமல் விட்டது காலேஜ் அறையில் அந்த ஒரு வருஷம். அது கொட்டகையில் இல்லை. கிளிப் வைத்த டப்பா வாங்கினேன். அவள் சொன்னது சரிதான், கொட்டுவதில்லை. பலகையில் அந்தப் பேருக்குக் கீழே, இது காலேஜ் பெண்கள் நாலு பேர் யோசனை என்று எழுதி வைத்திருக்கிறேன். வளைகாப்பு வீட்டு அம்மாவின் படியை இன்னும் ஏறவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் அவர்கள் அந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள். ஏறணும். வெறும் கையோடு ஏற முடியாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது இதைச் சொல்வதாக இருந்தால், சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எங்கள் ஊரில் இது ஒரு தடவை வாய் மாறி, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு அதுதான் இனிப்பாக இருக்கிறது. எனக்காக இரக்கப்பட்டு எதையும் இனிப்பாக்க வேண்டாம். கண்டுபிடித்தது அவள். அவளுக்கு மனசில் பத்து வைத்துக்கொண்டு தாளில் நாலு போட்டது நான். இந்த ரெண்டும் இடம் மாறாமல் போய்ச் சேரணும்.